ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பேண்ட் சரிசெய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டு வாசலில் நிற்பது 1974 டாட்ஜ் பிக்கப். 318 கன அங்குல வி8 இன்ஜின், அதன் பின்னால் கிறைஸ்லரின் டார்க்ஃப்ளைட் ஏ-727 கியர்பாக்ஸ். கனடா வந்த பிறகு வாங்கிய வண்டி. அதன் பேண்டுகளை இதுவரை மூன்று முறை நானே சரிசெய்திருக்கிறேன். பழைய அமெரிக்க வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வேலையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். வேறு கியர்பாக்ஸ் என்று தனியாகச் சொல்லாத இடங்களில் 727-ஐப் பற்றித்தான் பேசுகிறேன்.

பேண்ட் என்றால் என்ன? கியர்பாக்ஸுக்குள் அதற்கு என்ன வேலை?

அது ஒரு பிரேக். வட்டமாக வளைத்த எஃகுப் பட்டை, உள்பக்கத்தில் லைனிங் ஒட்டியிருக்கும். சுழலும் டிரம் ஒன்றைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கும். முன் பேண்டை எடுத்துக்கொண்டால், பட்டையின் ஒரு முனை கியர்பாக்ஸ் கூட்டில் உள்ள ஸ்க்ரூவில் முட்டி நிற்கிறது. மறுமுனையை, ஆயில் அழுத்தத்தால் நகரும் சர்வோ பிஸ்டன் ஒரு லீவர் வழியாகத் தள்ளுகிறது. தள்ளியதும் பட்டை டிரம்மைக் கவ்விப் பிடிக்கும். டிரம் நின்றால் அதோடு சேர்ந்த, நடுவில் இருக்கும் பல்சக்கரமான சன் கியரும் நிற்கும், மற்ற பல்சக்கரங்கள் அதைச் சுற்றி ஓடும், கியர் மாறிவிடும்.

இந்த யோசனை டார்க்ஃப்ளைட்டோடு வந்ததல்ல. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலேயே பேண்டுகள்தான் கியரை மாற்றின. அங்கே சர்வோ கிடையாது, ஓட்டுபவரின் கால்தான் பெடலை மிதித்துப் பட்டையை இறுக்கியது. லைனிங் பருத்தித் துணி. தேய்ந்தால் வீட்டிலேயே சரிசெய்துகொள்வார்கள். ஆட்டோமேட்டிக் என்றாலே கை வைக்கக் கூடாத பெட்டி என்று பயப்படுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

727-இல் எத்தனை பேண்ட்? எந்த கியருக்கு எது?

இரண்டு. முன்னால் இருப்பது கிக்டவுன் பேண்ட், பின்னால் இருப்பது லோ-ரிவர்ஸ் பேண்ட். இவற்றோடு முன் கிளட்ச், பின் கிளட்ச் என்று இரண்டு கிளட்சுகளும், ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்றும் உண்டு.

டிரைவில் போட்டுக் கிளம்பும்போது முதல் கியர், விகிதம் 2.45. இதைப் பிடிப்பது பின் கிளட்சும் ஓவர்ரன்னிங் கிளட்சும்தான், பேண்ட் எதுவும் வேலை செய்வதில்லை. இரண்டாம் கியரில், அதாவது 1.45-இல், முன் பேண்ட் வந்து கவ்வுகிறது. மூன்றாம் கியர் நேரடி இணைப்பு: முன் பேண்ட் விட்டுவிட வேண்டும், அதே நேரத்தில் முன் கிளட்ச் பிடிக்க வேண்டும். ரிவர்ஸில் முன் கிளட்சும் பின் பேண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. கியர் லீவரை 1-இல் வைத்து ஓட்டினால் பின் கிளட்சோடு பின் பேண்டும் பிடிக்கும்.

இந்தப் பத்தியை ஒரு தாளில் எழுதி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

பேண்ட் தளர்ந்துவிட்டது என்று ஓட்டும்போது எப்படித் தெரியும்?

லைனிங் தேயத் தேயப் பட்டைக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. சர்வோ பிஸ்டன் அதிக தூரம் நகர்ந்த பிறகே பட்டை கவ்வும். அந்த நேரத்தில் இன்ஜினைப் பிடித்துவைக்க யாரும் இல்லை, அது சும்மா ரேஸ் ஆகும்.

முன் பேண்ட் தளர்ந்தால் முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது இன்ஜின் சத்தம் ஒரு கணம் ஏறி, அப்புறம் வண்டி தொய்வாக இழுக்கும். இன்னும் தெளிவாகத் தெரிவது கிக்டவுனில். மூன்றாவதில் போய்க்கொண்டிருக்கும்போது முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துகிறீர்கள், வண்டி இரண்டாவதுக்கு இறங்குவதற்குள் இன்ஜின் அலறுகிறது. அப்படியானால் முன் பேண்டைச் சந்தேகிக்கலாம். பின் பேண்ட் தளர்ந்தால் ரிவர்ஸ் போட்டதும் வண்டி கொஞ்ச நேரம் யோசிக்கும், அல்லது மேட்டில் பின்னால் ஏறும்போது ஸ்லிப் ஆகும்.

ரிவர்ஸ் ஸ்லிப் ஆகிறது. பின் பேண்ட்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். ரிவர்ஸுக்கு முன் கிளட்சும் வேண்டும், பின் பேண்டும் வேண்டும். இரண்டில் எது போனாலும் ரிவர்ஸ் போகும். ஆனால் அந்த இரண்டும் வேறு வேறு கியர்களிலும் வேலை செய்வதால், ஓட்டிப் பார்த்தே பிரித்துவிடலாம்.

முன் கிளட்சுக்கு மூன்றாம் கியரில் வேலை உண்டு. அதனால் மூன்றாவதில் நல்ல பாரத்தோடு ஒரு மேடு ஏற்றிப் பாருங்கள். அங்கேயும் ஸ்லிப் ஆனால் சந்தேகம் முன் கிளட்ச் மேல். பேண்டை எவ்வளவு சரிசெய்தாலும் அது தீராது.

மூன்றாவது உறுதியாக இழுக்கிறது என்றால் அடுத்த சோதனை. லீவரை 1-இல் வைத்து மெதுவாக, மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் ஓட்டி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பின் பேண்ட் பிடித்திருந்தால் இன்ஜின் வண்டியைப் பின்னால் இழுத்து நிறுத்தப் பார்க்கும், உடம்பு லேசாக முன்னால் சாயும். பேண்ட் பிடிக்காவிட்டால் சைக்கிளில் பெடல் மிதிப்பதை நிறுத்தினால் எப்படிப் போகுமோ அப்படி வண்டி உருண்டுகொண்டே போகும். ரிவர்ஸிலும் ஸ்லிப், 1-இலும் இன்ஜின் பிரேக்கிங் இல்லை, மூன்றாவது மட்டும் நன்றாக இருக்கிறது: இந்த மூன்றும் சேர்ந்தால் பின் பேண்டையோ அதன் சர்வோவையோ பார்க்க வேண்டும்.

இன்னொரு நிலையும் உண்டு. டிரைவில் கிளம்பும்போது முதல் கியர் இழுக்கவில்லை, ஆனால் லீவரை 1-க்குக் கொண்டுவந்தால் இழுக்கிறது. இது ஓவர்ரன்னிங் கிளட்ச் உடைந்ததன் அடையாளம். 1-இல் பின் பேண்ட் அதன் இடத்தை நிரப்புவதால் மட்டுமே வண்டி நகர்கிறது. இந்த நிலையில் ரேஸ் கொடுக்கவே கூடாது. பிடிமானம் இல்லாத முன் டிரம் இன்ஜின் வேகத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சுழன்று வெடித்துச் சிதறக்கூடும். கூட்டைப் பிளந்துகொண்டு துண்டுகள் வெளியே வந்த சம்பவங்கள் டிராக் பந்தயங்களில் நடந்திருக்கின்றன. வண்டியை நிறுத்திவிட்டு டோ செய்து கொண்டுபோங்கள்.

ஸ்க்ரூவைத் தொடும் முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு விஷயம். நான் கேள்விப்படும் பேண்ட் புகார்களில் பல இந்த இரண்டிலேயே முடிந்துவிடுகின்றன.

ஒன்று ஆயில் மட்டம். 727-இல் இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது, லீவரை நியூட்ரலில் வைத்துத்தான் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஃபோர்டு, ஜிஎம் வண்டிகளில் பழகியவர்கள் பார்க்கில் வைத்துப் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் காலத்து டார்க்ஃப்ளைட்டில் பார்க் போட்டால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் கன்வர்ட்டருக்கு ஆயில் போவதில்லை, அதனால் மட்டம் தப்பாகக் காட்டும். ஆயில் குறைந்தால் ஸ்லிப் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகமானாலும் ஸ்லிப் ஆகும், ஏனென்றால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும்.

இரண்டாவது, கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு வரும் த்ராட்டில் லிங்கேஜ். இதைக் கிக்டவுனுக்கு மட்டுமான கம்பி என்று நினைத்து நிறையப் பேர் அலட்சியமாக இருக்கிறார்கள். உண்மையில் உள்ளே ஆயில் அழுத்தம் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. கார்புரேட்டரை மாற்றும்போது இந்தக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டி ஓடுகிறதே என்று அப்படியே ஓட்டினால், அழுத்தம் போதாமல் கிளட்சும் பேண்டும் வழுக்கி வழுக்கி எரியும். சோதிப்பது எளிது. இன்ஜினை நிறுத்திவிட்டு, கார்புரேட்டர் ஐடில் நிலையில் இருக்கும்போது கியர்பாக்ஸ் பக்கத்து த்ராட்டில் லீவர் முன்பக்க நிறுத்தத்தில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லுங்கள். லீவரும் கடைசி வரை பின்னால் போக வேண்டும்.

என்னென்ன கருவி வேண்டும்?

முக்கியமானது அங்குல-பவுண்டு அளவில் படிக்கக்கூடிய டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ரெஞ்ச். வீல் நட் இறுக்கும் பெரிய ரெஞ்ச் இதற்குச் சரிப்படாது. நமக்கு வேண்டியது 72 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 8 நியூட்டன் மீட்டர். அதை 72 அடி-பவுண்டு என்று படித்துவிட்டால் பன்னிரண்டு மடங்கு விசை போகும், ஏதாவது ஒன்று உடையும். அது போக, ஸ்க்ரூவின் சதுரத் தலைக்கு எட்டுமுனை சாக்கெட், அந்த ஸ்க்ரூவை அசையாமல் பூட்டிவைக்கும் லாக் நட்டுக்கு ஸ்பானர், துரு இளக்கும் ஸ்பிரே, கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட்.

பழைய சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் 47 முதல் 50 அங்குல-பவுண்டு என்றும் ஓர் எண் இருக்கும். கிறைஸ்லரின் சி-3705 என்ற அடாப்டரை ரெஞ்சில் மாட்டினால் மட்டும்தான் அந்த எண். அடாப்டர் ரெஞ்சின் நீளத்தைக் கூட்டுவதால், குறைந்த அளவு காட்டும்போதே ஸ்க்ரூவில் 72 விழுந்துவிடும். அடாப்டர் இல்லையென்றால் நேராக 72. நான் முதல் முறை செய்தபோது அடாப்டர் இல்லாமல் 50-இல் நிறுத்திவிட்டேன். பேண்ட் சற்றுத் தளர்வாகவே நின்றது, இரண்டாம் கியர் நான் எதிர்பார்த்தபடி வரவில்லை. மறுவாரம் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தபோதுதான் புரிந்தது.

முன் பேண்டை எப்படிச் சரிசெய்வது?

இதற்கு கியர்பாக்ஸின் அடியில் ஆயில் நிற்கும் தட்டான பேனைக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்க்ரூ கியர்பாக்ஸின் இடது பக்கத்தில், ஷிஃப்ட் லீவரும் த்ராட்டில் லீவரும் வரும் இடத்துக்கு அருகே வெளியிலேயே இருக்கிறது. வண்டியைச் சமதளத்தில் ஏற்றி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள். எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்திலேயே ஓடுவதால் வண்டி ஆறிய பிறகு தொடங்குவது நல்லது.

இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள். என் வண்டியில் லாக் நட்டும் ஸ்க்ரூவும் ஒரே துருக்கட்டியாக இருந்தன. முதல் நாள் இரவே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஸ்பிரே அடித்துவிட்டு, காலையில்தான் ஸ்பானர் வைத்தேன். துருவோடு இறுக்கினால் ரெஞ்ச் காட்டும் 72-இல் பாதி துருவுக்கே போய்விடும், பேண்டுக்குச் சரியான அளவு போய்ச் சேராது. அதனால் லாக் நட்டை ஐந்து சுற்று தளர்த்தியதும், ஸ்க்ரூ தடங்கலில்லாமல் திரும்புகிறதா என்று இரண்டு பக்கமும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஆனால் ஸ்க்ரூவை வெளிப்பக்கம் நிறையத் தளர்த்த வேண்டாம். பட்டையின் முனையில் நிற்கும் சின்னத் தாங்குகட்டை நழுவி உள்ளே விழுந்துவிட்டால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டி வரும்.

இப்போது 72 அங்குல-பவுண்டுக்கு இறுக்குங்கள். ஸ்க்ரூ முதலில் விரலால் திருப்பும் அளவுக்கு லேசாகப் போகும். பட்டை டிரம்மைத் தொட்டதும் கையில் கெட்டியாகத் தெரியும். அங்கிருந்து கொஞ்சமே திருப்பினாலும் எண் விறுவிறுவென்று ஏறும், அதனால் நிதானமாக இழுங்கள். 72 வந்ததும் சதுரத் தலையின் ஒரு முகத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து, அதற்கு நேராகக் கூட்டிலும் ஒரு புள்ளி வையுங்கள். பின்னர் சரியாக 2 சுற்று தளர்த்துங்கள். வசதிக்குறைவான இடம், ஒரு முறைக்குக் கால் சுற்றுத்தான் கை போகும். ஆகவே எட்டுக் கால் சுற்று. நான் வாய்விட்டே எண்ணுவேன். அப்புறம் ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை 30 முதல் 35 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். இந்தக் கடைசி இடத்தில்தான் பலர் ஸ்க்ரூவையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறார்கள். இரண்டு புள்ளிகளும் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

2 சுற்று என்பது பெரும்பாலான 727-களுக்குப் பொருந்தும். ஆண்டையும் இன்ஜினையும் பொறுத்து ஒன்றரையும் உண்டு, இரண்டரையும் உண்டு. உங்கள் வண்டியின் ஆண்டுக்கு உரிய புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

இறுக்கிவிட்டு ஏன் தளர்த்த வேண்டும்? நேராகத் தேவையான இடத்தில் நிறுத்தினால் என்ன?

நமக்கு வேண்டியது பட்டைக்கும் டிரம்முக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. அதை வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது, அளக்கவும் முடியாது. லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் தெரியாது. எனவே முதலில் பட்டையை டிரம்மோடு ஒட்டவைத்து இடைவெளியைப் பூஜ்யமாக்குகிறோம். அதற்குத்தான் 72. அங்கிருந்து குறிப்பிட்ட சுற்று தளர்த்தினால், ஸ்க்ரூவின் மரையே அளவுகோலாகி வேண்டிய இடைவெளியைக் கொடுத்துவிடும். லைனிங் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் முடிவில் கிடைக்கும் இடைவெளி ஒன்றேதான்.

ஆக, இந்த வேலையில் நாம் உண்மையில் அமைப்பது இறுக்கத்தை அல்ல, தளர்வை. "பேண்டை டைட் பண்ணு" என்று சொல்லிப் பழகிவிட்டதால் இது மனதில் பதிவதில்லை.

அப்படியானால் ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்தினால் ஷிஃப்ட் இன்னும் விறைப்பாக வருமா?

ஒன்றிலிருந்து இரண்டுக்குக் கொஞ்சம் விரைவாக வரும். அந்தச் சந்தோஷத்தில்தான் கியர்பாக்ஸ் போகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன் பேண்ட் பிடிக்கும் டிரம், இரண்டாம் கியரில் மட்டும்தான் நிற்கிறது. முதல் கியரில் எதிர்த்திசையில் சுழல்கிறது, மூன்றாவதில் கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டின் அதே வேகத்தில் சுழல்கிறது. நெடுஞ்சாலையில் இன்ஜின் 2,500 சுற்றில் ஓடினால் டிரம்மும் கிட்டத்தட்ட அதே வேகத்தில், மணிக்கணக்காக. பட்டை அதை உரசிக்கொண்டே இருந்தால் லைனிங் கருகும், டிரம்மில் நீலம் பாயும், ஆயில் சூடேறும். அதோடு, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பட்டை விடுவதும் கிளட்ச் பிடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று சொன்னேன். பட்டை நெருக்கமாக இருந்தால் விடத் தாமதமாகும், அதற்குள் கிளட்ச் பிடித்துவிடும், இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். ஓட்டுபவருக்கு அது யாரோ ஒரு கணம் பிரேக் அடித்தது போலத் தெரியும்.

தெரிந்தவர் ஒருவர் பழைய பிளிமத் வாங்கினார். விற்பதற்கு முன் யாரோ பேண்டை எண்ணாமல் இறுக்கி வைத்திருந்தார்கள். முதல் இரண்டு வாரம் ஷிஃப்ட் அருமை என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி. மூன்றாம் வாரம் இரண்டாம் கியரே இல்லை. பேனைக் கழற்றியபோது நானும் கூட இருந்தேன். ஆயில் காபி நிறத்தில், தீய்ந்த பால் போல ஒரு நாற்றம். அடியில் லைனிங் செதில் செதிலாகக் கிடந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் கரித்தூளாக உதிர்ந்தது. புதுப் பேண்டோடு டிரம்மும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஷிஃப்ட் விறைப்பாக வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி உண்டு. உள்ளே ஆயிலை அந்தந்த இடத்துக்கு அனுப்பும் வால்வ் பாடியில் அழுத்தத்தையும் நேரத்தையும் மாற்றும் கிட்டுகள் கிடைக்கின்றன. பேண்ட் ஸ்க்ரூவை அந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பின் பேண்ட்?

முறை அதேதான், ஆனால் ஸ்க்ரூ உள்ளே இருக்கிறது. பேனின் 14 போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். ஒரு மூலையில் மட்டும் போல்ட்டுகளை விட்டுவைத்து மற்றதைக் கழற்றினால் பேன் சாய்ந்து ஆயில் ஒரு பக்கமாக வடியும். இல்லாவிட்டால் முகத்தில் கொட்டும். பின் லீவரில் உள்ள ஸ்க்ரூவின் லாக் நட்டைத் தளர்த்தி, 72 அங்குல-பவுண்டுக்கு இறுக்கி, 2 சுற்று தளர்த்தி, ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இந்தக் கணக்கு 727-க்கு மட்டும். அதன் சிறிய தம்பியான 904-இல் பின் பேண்டின் கணக்கு வேறு, வகைக்கு வகை மாறும்.

பேனைத் திறந்தாகிவிட்டது என்றால் ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள். அடியில் கொஞ்சம் சாம்பல் நிறச் சேறு படிந்திருப்பது இயல்பு. உலோகச் சுருளோ லைனிங் துண்டோ இருந்தால் பேண்ட் சரிசெய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பேன் போல்ட்டுகளுக்கு 150 அங்குல-பவுண்டு போதும். அதற்கு மேல் போனால் தகரம் வளைந்து ஒழுகும். முதலில் 4 குவார்ட், ஏறக்குறைய 3.8 லிட்டர் ஊற்றி இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு எல்லா நிலைகளுக்கும் லீவரை ஒரு முறை கொண்டுபோய், நியூட்ரலில் வைத்து மட்டம் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

ஃபோர்டு, ஷெவர்லே வண்டிகளுக்கும் இதே எண்கள்தானா?

இல்லை, எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளாதீர்கள். பழைய மஸ்டாங்குகளில் வரும் ஃபோர்டு சி4-இல் இரண்டு ஸ்க்ரூக்களும் வெளியே இருப்பது பெரிய வசதி. இரண்டையும் 10 அடி-பவுண்டுக்கு இறுக்க வேண்டும். பின்னர் இரண்டாம் கியருக்கான இன்டர்மீடியட் பேண்டை ஒன்றே முக்கால் சுற்றும், லோ-ரிவர்ஸ் பேண்டை 3 சுற்றும் தளர்த்த வேண்டும். அதன் லாக் நட்டில் ஆயில் கசியாமல் சீல் இருப்பதால் ஒவ்வொரு முறையும் புது நட் போட வேண்டும். பெரிய இன்ஜின்களோடு வரும் சி6-இல் ஒரே ஒரு பேண்ட். 10 அடி-பவுண்டு, ஒன்றரைச் சுற்று. அதில் ரிவர்ஸுக்கு பேண்ட் இல்லை, கிளட்ச்தான்.

ஷெவர்லேயின் இரண்டு வேக பவர்கிளைடு, அலுமினியக் கூடு வந்த பிறகான வகையில், லோ பேண்டை 70 அங்குல-பவுண்டுக்கு இறுக்கி, 6,000 மைலுக்கு மேல் ஓடிய பேண்ட் என்றால் 4 சுற்றும், அதற்குக் குறைவாக ஓடியது என்றால் 3 சுற்றும் தளர்த்துவார்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் வரும் போர்க்-வார்னர் 35-இல் பின் பேண்ட் வெளியிலிருந்தே 10 அடி-பவுண்டு, 1 சுற்று. முன் பேண்டுக்குப் பேனைக் கழற்றி, கால் அங்குலக் கட்டை ஒன்றைச் சர்வோவுக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே வைத்து 10 அங்குல-பவுண்டுக்கு அமைக்க வேண்டும்.

ஒழுங்காகச் செய்தும் ஷிஃப்ட் மாறவில்லை. அடுத்து என்ன?

பேண்டைத் தள்ளுவது சர்வோ. அதன் பிஸ்டன் சீல் கிழிந்திருந்தால் ஸ்க்ரூ எங்கே இருந்தாலும் பேண்ட் சரியாகப் பிடிக்காது. பேனையும் வால்வ் பாடியையும் இறக்கி, சர்வோவுக்குப் போகும் ஆயில் துளையில் 30 முதல் 100 பிஎஸ்ஐ வரை உலர்ந்த காற்றைச் செலுத்திப் பாருங்கள். பட்டை டிரம்மைக் கவ்வுவது கண்ணுக்கே தெரியும், காற்றை எடுத்ததும் விட வேண்டும். கவ்வினால் கோளாறு வால்வ் பாடியிலோ அழுத்தத்திலோ இருக்கிறது. கவ்வாமல் காற்று சீறிக்கொண்டே இருந்தால் சீல்.

பேண்டே தேய்ந்து முடிந்திருக்கவும் கூடும். 72-க்கு இறுக்கப்போகும்போது ஸ்க்ரூ போய்க்கொண்டே இருக்கிறது, மரை முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது என்றால் லைனிங் இல்லை, அல்லது உள்ளே தாங்குகட்டை விழுந்துவிட்டது.

சென்னையில் என் புது ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போது ஜெர்க் அடிக்கிறது. பேண்டைச் சரிசெய்யலாமா?

உங்கள் காரில் அநேகமாகப் பேண்டே இருக்காது. 2014-இல் மாருதி செலெரியோவோடு இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏஎம்டி, சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்சும்தான். கிளட்சை மிதித்து கியரைப் போடும் வேலையை நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. சிவிடியில் கப்பியும் பெல்ட்டும். இன்றைய ஆறு, எட்டு வேக டார்க் கன்வர்ட்டர் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் பிடிமானத்தைக் கிளட்ச் தட்டுகளே செய்கின்றன, தேய்மானத்துக்கு ஏற்ப கம்ப்யூட்டரே அழுத்தத்தைத் திருத்திக்கொள்கிறது. இவற்றில் திருப்புவதற்கு ஸ்க்ரூ கிடையாது. ஆயில் எப்போது மாற்றியது என்று பாருங்கள், ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். நடுவில் வந்த சில பெட்டிகளில், உதாரணமாக ஜிஎம் 700ஆர்4-இல், பேண்ட் உண்டு, ஆனால் வெளியே ஸ்க்ரூ இல்லை. சர்வோவின் ஊசியை வேறு நீளத்தில் போட்டுத்தான் இடைவெளியை அமைப்பார்கள். அது பெட்டியைப் புதுப்பிக்கும்போது செய்கிற வேலை.

நானே செய்யப் பயமாக இருக்கிறது. மெக்கானிக்கிடம் கொடுத்தால் என்ன கேட்க வேண்டும்?

"எத்தனை அங்குல-பவுண்டுக்கு இறுக்கி, எத்தனை சுற்று தளர்த்தப்போகிறீர்கள் அண்ணே?" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், எண்ணைச் சொல்வார், அல்லது புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்பார். இரண்டுமே நல்ல பதில். "கையிலேயே தெரியும் தம்பி" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரிசெய்த பிறகு எப்படி ஓட்டிப் பார்ப்பது?

ஆயில் நன்றாகச் சூடேறும் வரை இருபது நிமிடம் சாதாரணமாக ஓட்டுங்கள். அதன் பிறகு பாதி ஆக்ஸிலரேட்டரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறுவதைக் கவனியுங்கள். ரேஸ் ஆகக் கூடாது, இரண்டு-மூன்றில் பிரேக் அடித்தது போலவும் இருக்கக் கூடாது. ஆளில்லாத ரோட்டில் ஒரு கிக்டவுன். அப்புறம் சின்ன மேட்டில் ரிவர்ஸ். வீட்டுக்கு வந்ததும் அடியில் குனிந்து லாக் நட்டைச் சுற்றி ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை அடியில் ஓர் அட்டையைப் போட்டுப் பார்த்தால் இன்னும் நிச்சயமாகத் தெரியும். தேதி, மைல், இறுக்கிய அளவு, தளர்த்திய சுற்று நான்கையும் குறித்துவையுங்கள். நான் என் பிக்கப்பின் பானெட் உள்பக்கத்தில் பெயின்ட் பேனாவால் எழுதியிருக்கிறேன். அடுத்து அதைத் திறப்பவர் நானாக இல்லாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.